பின்பக்கம் உட்கார்ந்துபோன பிக்கப்: கமான் பட்டை மாற்றிய ஒரு வண்டியின் நிகழ்வு ஆய்வு

“எதிர்ல வர்றவன் எல்லாம் லைட்டை டிம் பண்ணுன்னு அடிக்கிறான். நான் டிம்லதாங்க போறேன்.” வண்டியைக் கொண்டுவந்தவரின் முதல் புகார் இதுதான். பின் சஸ்பென்ஷன் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.

வண்டி ஒரு டபுள் கேப் பிக்கப். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் கமான் பட்டை (அடுக்கடுக்காகக் கட்டிய வளைந்த எஃகுப் பட்டை ஸ்பிரிங்), பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக். ஏபிஎஸ் வருவதற்கு முந்தைய தலைமுறை. உரிமையாளர் வெளியிடங்களுக்குப் போய் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். லோடு பாடியில் இரும்பு அலமாரி, இழுப்பறைகள், கம்ப்ரசர், மேலே ஒரு கூடு. இவை வழக்கமாக இறங்குவதே இல்லை. இதற்கு மேல் அன்றாடம் ஏறி இறங்கும் சாமான் உண்டு. சில நாள் பின்னால் சிறிய டிரெய்லரும் சேரும்.

மற்ற புகார்கள் ஒவ்வொன்றாக வந்தன. வேகத்தடையில் பின்னால் “டம்” என்று இடிக்கிறது. டிரெய்லர் மாட்டினால் ஸ்டீயரிங் காற்றில் மிதப்பதுபோல் லேசாகிவிடுகிறது. ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஓட்டியபோது ஈர ரோட்டில் பிரேக் போட்டதும் பின்பக்கம் ஒதுங்கி இழுத்ததாம். இந்தக் கடைசிச் செய்தியை அவர் போகிறபோக்கில்தான் சொன்னார். டயர் தேய்ந்திருக்கும் என்பது அவர் கணிப்பு. டயர் நன்றாகவே இருந்தது.

அவர் கேட்டது ஏர் பேக், அதாவது அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கும் காற்றுப் பை. “காத்தடிச்சு ஏத்திவிட்டுடுங்க, போதும்.”

அளந்து பார்த்தது

பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது. எவ்வளவு, எதனால் என்பதற்குத்தான் அளவுகோல் வேண்டும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்தோம். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றின் ஏற்ற இறக்கமும் கணக்கில் புகுந்துவிடும். காலி வண்டிக்குத் தயாரிப்பாளர் தரும் உயரம் 540 மி.மீ. இந்த வண்டியில் நிரந்தரச் சுமையோடு இடப்பக்கம் 474, வலப்பக்கம் 482. சேஸிஸுக்கும் அச்சுக்கும் நடுவில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கு 85 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடப்பக்கம் மிச்சம் இருந்தது 19.

அடுத்து பாடியில் இருந்த அத்தனையையும் இறக்கச் சொன்னோம். அலமாரியைக்கூட அவிழ்க்க வேண்டுமா என்று அவர் முகம் சுளித்தது நியாயம்தான். ஆனால் அதைச் செய்யாமல் அடுத்த விடை கிடைக்காது. காலி வண்டியின் உயரம் இடம் 514, வலம் 517. அதாவது ஒரு கிலோ சுமையும் இல்லாத நிலையிலேயே சுமார் 25 மி.மீ. குறைவு. சராசரியாக 62 மி.மீ. தாழ்ந்திருந்ததில் 25 பட்டை தளர்ந்ததால் வந்தது. மீதி 37 சுமையால் வந்தது. ஒரே தாழ்வுக்கு இரண்டு காரணங்கள்; இரண்டுக்கும் மருந்து வேறு.

எடைமேடையில் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்தோம். காலியாக 820 கிலோ. நிரந்தரச் சுமையோடு 1,090. ஆக, எப்போதும் பின் அச்சின் மேல் 270 கிலோ உட்கார்ந்திருக்கிறது. “ஒரு நூத்தம்பது இருக்கும்” என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். கருவிகளின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டவர் யாரும் சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த அளவுகளிலிருந்து பழைய பட்டையின் விறைப்பும் கிடைத்துவிட்டது. பக்கத்துக்கு 135 கிலோ, இறங்கியது 37.5 மி.மீ. மில்லிமீட்டருக்கு 3.6 கிலோ. அப்படியானால் இடப்பக்கம் மிச்சமிருந்த 19 மி.மீ.யை மூட இன்னும் 68 கிலோ போதும். அவருடைய அன்றாடச் சாமான் 250 கிலோ வரை போகும், அதாவது பக்கத்துக்கு 125. சாமான் ஏறிய பிறகு அந்த வண்டியில் ஸ்பிரிங் வேலை செய்யவே இல்லை. பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேல் உட்கார்ந்துதான் ஓடியிருக்கிறது. இடிச்சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

விளக்குப் புகாரும் இதே கணக்குத்தான். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 3,100 மி.மீ. பின்பக்கம் 62 மி.மீ. இறங்கினால் 10 மீட்டர் தூரத்தில் ஒளி 20 செ.மீ. மேலே போகும். டிம் விளக்கைச் சரிசெய்யும்போது 10 மீட்டருக்கு 10 முதல் 15 செ.மீ. வரைதான் கீழே சாய்த்து வைப்பார்கள். அந்தச் சாய்வு முழுவதும் கரைந்து, ஒளி எதிரே வருபவரின் கண் மட்டத்துக்கு ஏறிவிட்டது.

டிரெய்லரின் முன்பாரம் 120 கிலோ. கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருப்பதால் அது நெம்புகோலாகிறது. பின் அச்சில் 166 கிலோ ஏறும். முன் அச்சிலிருந்து 46 கிலோ கழியும். ஸ்டீயரிங் லேசானது பிரமை அல்ல. இதைப் புதிய ஸ்பிரிங் குணப்படுத்தாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டோம். பின்பக்கத்தை எவ்வளவு தூக்கினாலும் முன் அச்சிலிருந்து போன 46 கிலோ திரும்பி வராது. டிரெய்லரில் சாமானை எங்கே அடுக்குவது என்பதில்தான் அதற்கு வழி.

எதைப் போடுவது

மூன்று வழிகள் இருந்தன. பழைய பட்டைக் கட்டுக்குள் கூடுதலாக ஒரு பட்டையைச் செருகுவது முதலாவது. செலவு குறைவு. ஆனால் 25 மி.மீ. தளர்ந்துபோன பட்டைகள் உள்ளேயே இருக்கும். பாரத்தில் பெரும்பங்கு புதிய பட்டையின் தலையில் விழும். பழைய கட்டு நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்குத்தான் அது பொருந்தும்.

உரிமையாளர் கேட்ட ஏர் பேக் கெட்ட பொருள் அல்ல. சுமை நாளுக்கு நாள் பெரிதாக மாறும் வண்டிக்கு அதைவிட வசதியானது கிடையாது. வேண்டும்போது காற்றை ஏற்றலாம், வேண்டாதபோது குறைந்தபட்ச அழுத்தத்துக்கு இறக்கலாம். இங்கே 270 கிலோ இறங்குவதே இல்லை. இறங்காத சுமைக்கு எந்நேரமும் காற்றைத் தாங்கவைப்பது, குழாயில் ஒரு சின்னக் கசிவு வந்தாலும் பழைய நிலைக்கே திரும்புவது என்று பொருள். இன்னொரு காரணம் இதைவிடக் கனமானது. கமான் பட்டை தன் பாரத்தை சேஸிஸின் முன் கண்ணிலும் (பட்டையின் வளைய முனை மாட்டும் இடம்) பின் ஷேக்கிளிலுமாக (பின் முனையைத் தாங்கும் ஆடும் இணைப்பு), ஒன்றுக்கொன்று ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இரண்டு இடங்களில் கொடுக்கிறது. ஏர் பேக் நேராக அச்சுக்கு மேலே ஒரே புள்ளியில் சேஸிஸை மேல்நோக்கி அழுத்துகிறது. அச்சுக்குப் பின்னால் பாரம் தொங்க, டிரெய்லரும் இழுக்கும் டபுள் கேப் வண்டிகளில் அந்தப் புள்ளியில் சேஸிஸ் வளைந்துபோவது தெரிந்த விஷயம்.

ஆகவே மூன்றாவது வழி: முழுக் கட்டையும் மாற்றுவது. அதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. மாற்றுக் கட்டுகள் நிரந்தரச் சுமையின் அளவை வைத்தே விற்கப்படுகின்றன. 300 கிலோவுக்கு ஒன்று, 500 கிலோவுக்கு ஒன்று என்று. “எதுக்கும் இருக்கட்டும், ஐந்நூறே போடுங்க” என்றார். பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான் கேட்பார்கள்.

எங்கள் கணக்கு இப்படி. பின் அச்சின் 820 கிலோவில் அச்சு, சக்கரம், டிரம் எல்லாம் சேர்ந்து சுமார் 200. அவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. ஸ்பிரிங் அவற்றைத் தாங்குவதில்லை. மீதியைப் பாதியாக்கினால் பக்கத்துக்கு 310 கிலோ. நிரந்தரச் சுமை ஏறியபின் 445. பாரம் 1.4 மடங்குக்குக் கொஞ்சம் மேல் கூடியிருக்கிறது. வண்டி காலியாக ஆடும் அதே தாளத்தில் இந்தச் சுமையோடும் ஆட வேண்டுமென்றால் விறைப்பும் அதே மடங்கு கூட வேண்டும்: 3.6 என்பது 5க்கு அருகே வர வேண்டும். 300 கிலோ கட்டின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 4.9. இதன் இயல்பான ஆட்டம் வினாடிக்கு 1.65 முறை, தொழிற்சாலையிலிருந்து வந்த காலி வண்டிக்கு 1.70. ஏறக்குறைய ஒன்றுதான். 500 கிலோ கட்டைப் போட்டிருந்தால் இது 1.85ஐத் தொட்டிருக்கும், கருவிகள் இழுப்பறைக்குள் குதித்துக்கொண்டே போகும். மனிதர் தினமும் அதில் உட்கார்ந்து போக வேண்டும். என்றோ ஏறப்போகும் சுமைக்காகத் தினமும் முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே மாற்றினோம். விறைப்பு கூடிய பட்டை அமுங்கினால் திரும்பி எழும் விசையும் கூடும்; பழைய ஷாக் அதை அடக்காது. நீளமும் முக்கியம். வண்டி உயர்ந்தபின் பழைய நீளத்திலேயே ஷாக் இருந்தால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பட்டைக்கு முன்னால் ஷாக் முழுதாக நீண்டு, அச்சின் பாரத்தைத் தன் ராடில் தாங்க ஆரம்பித்துவிடும்.

பொருத்தியது

முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்னால் சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சுக்கு அடியில் தனியாக ஜாக்கி வைத்தோம். சேஸிஸ் ஸ்டாண்டில், அச்சு ஜாக்கியில். ஜாக்கியை மட்டும் நம்பி எதுவும் கிடையாது. ஷாக்கின் கீழ் முனையைக் கழற்றிவிட்டு அச்சை இறக்கும்போது ஒருவர் பிரேக் ஹோஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அச்சு தொங்கினால் முதலில் இழுபடுவது அதுதான். ஹேண்ட் பிரேக் கேபிளும் டிஃபரன்ஷியலின் காற்றுக் குழாயும் அடுத்து.

நேரத்தைத் தின்றது இடப்பக்க முன் கண் போல்ட். அது உள்பக்கமிருந்து வெளியே செருகப்பட்டிருந்தது. உருவ வேண்டுமானால் டீசல் தொட்டி இடிக்கிறது. தொட்டியின் பட்டியைத் தளர்த்திச் சற்று இறக்கிய பிறகுதான் வழி கிடைத்தது. போல்ட்டும், கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயும் துருவில் ஒன்றாகிப் போயிருந்தன. இப்படிப்பட்ட போல்ட்டைச் சுத்தியலால் அடிப்பது வீண். அடியின் விசையை ரப்பர் வாங்கிக்கொள்ளும், போல்ட் அசையாது. கண்ணுக்கும் தாங்கிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ரம்பத்தை விட்டு இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தோம். அதனால்தான் இந்த வேலைக்குப் புதிய போல்ட் கையில் இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

புதிய கட்டை ஏற்றும்போது முன் பின் பார்க்க வேண்டும். பல பிக்கப் பட்டைகளில், பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட் சரிபாதியில் இருப்பதில்லை. முன்பாதி குட்டை, பின்பாதி நீளம். திருப்பி மாட்டினால் அச்சே முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்துவிடும். சென்டர் போல்ட்டின் தலை அச்சின் மேடையிலுள்ள குழியில் முழுதாக உட்கார்ந்ததா என்று விரல் விட்டுத் தடவிப் பார்த்தோம். அது அரைகுறையாக உட்கார்ந்த நிலையில், கட்டை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டை இறுக்கினால், மேலே பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும்.

யூ போல்ட்கள் புதியவை. பழையவை ஒருமுறை இழுபட்டு நீண்டவை. அவற்றின் மரையை இரண்டாம் முறை நம்பக் கூடாது. நான்கு நட்டுகளையும் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக, நான்கிலும் வெளியே தெரியும் மரை ஒரே அளவாக இருக்கும்படி இறக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சில் கட்டோடு வந்த அளவுக்கு முடித்தோம்.

கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் அப்போது இறுக்கவில்லை. கையால் திருகியதோடு விட்டோம். இந்தப் புஷ் சுழலாது. இறுக்கிய நிலையிலிருந்து ரப்பர் இருபுறமும் முறுக்கிக்கொண்டு வேலை செய்யும். அச்சு தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் பாதி முறுக்கில் இருக்கும். ஓட ஓடக் கிழியும். வண்டியை இறக்கி, அலமாரியும் கருவிகளும் திரும்ப ஏறியபின், பின்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, அந்த உயரத்திலேயே இறுக்கினோம்.

முதல் அளவு இடம் 562, வலம் 566. புதுப் பட்டை கொஞ்சம் உட்காரும் என்பதால் இது எதிர்பார்த்ததுதான். சிறிது காலம் ஓடியபின் 554, 557இல் நின்றது.

பிரேக் வால்வு

எல்லாரும் இங்கேதான் வேலையை முடித்துக்கொண்டு சாவியைக் கொடுப்பார்கள். இந்த வண்டியின் உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான்.

பின் பிரேக்குக்குப் போகும் குழாயின் வழியில், சேஸிஸில் ஒரு லோடு சென்சிங் வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி கீழே அச்சோடு இணைகிறது. எடையை அந்த வால்வு அறியாது. சேஸிஸுக்கும் அச்சுக்கும் நடுவிலுள்ள தூரம் மட்டுமே அதற்குத் தெரியும். தூரம் குறைந்தால் சுமை ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். தூரம் கூடினால் காலி வண்டி என்று குறைத்துவிடும். ஏபிஎஸ்ஸோடு மின்னணு முறையில் பிரேக் விசையைப் பங்கிடும் வண்டிகள் பலவற்றில் இந்த வால்வு கிடையாது. இதில் இருந்தது.

ஈர ரோட்டில் பின்பக்கம் இழுத்ததன் காரணம் இப்போது தெரிந்தது. தளர்ந்த பட்டையால் காலி வண்டியும் 25 மி.மீ. தாழ்ந்தே நின்றது. சுமை இருக்கிறது என்று நம்பி வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தை வாரி வழங்கியிருக்கிறது. பாரமில்லாத பின் சக்கரம் பூட்டிக்கொண்டது.

புதிய பட்டை போட்டதும் பிழை தலைகீழாகிவிடும். பழைய கணக்கில் 270 கிலோவோடு வண்டி காலி உயரத்திலிருந்து 37 மி.மீ. கீழே நிற்க வேண்டும். இப்போது 15 மி.மீ. மேலே நிற்கிறது. நிறைந்த வண்டியை வால்வு காலியிலும் காலி என்று நினைக்கும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். முன் பிரேக் முழுப்பாரமும் வாங்கும். நிற்கும் தூரம் நீளும். சாதாரண ஓட்டத்தில் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. அவசரப் பிரேக்கில்தான் தெரியும்.

திருத்தம் கணக்களவில் எளிது: கம்பியின் அச்சுப் பக்கத் தாங்கியை 52 மி.மீ. உயர்த்த வேண்டும். அதற்கான தாங்கியைப் போட்டோம். ஆனாலும் அது ஒரே ஒரு சுமையில்தான் முழுச்சரி. மேற்கொண்டு பக்கத்துக்கு 208 கிலோ ஏறினால் பழைய பட்டை 58 மி.மீ. இறங்கும், புதியது 42தான். அந்த 16 மி.மீ. வித்தியாசத்தை எந்தத் தாங்கியும் தீர்க்காது. அவர் வண்டி பெரும்பாலும் ஓடும் நிலையில் சரியாக வைத்தோம். அதற்குப் பின் முன், பின் குழாய்களில் பிரஷர் கேஜ் மாட்டி, தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட்டோம். முழுச்சுமையில் பின் அழுத்தம் சற்றுக் குறைவாக, ஆனால் அனுமதித்த எல்லைக்குள் இருந்தது. கேஜ் வைக்காமல் கம்பியை மட்டும் வளைத்துவிட்டு அனுப்பும் பழக்கத்தை நான் வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை.

பிறகு வந்தவை

கிளம்பும்போது வண்டியின் தரையில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தது. வேகம் எடுத்ததும் மறைந்துவிடும். பின்பக்கம் உயர்ந்ததால், இன்ஜின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் இரண்டு துண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறியிருந்தது. நடு பேரிங்கின் தாங்கியை 8 மி.மீ. கீழே இறக்கியதும் போய்விட்டது. விளக்கைச் சமதளத்தில், சுமையோடு நிறுத்தித் திரும்பச் சரிசெய்தோம். 500 கி.மீ. ஓடிவந்தபின் யூ போல்ட் நட்டுகள் கால் சுற்று வரை வாங்கின. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பெயிண்டும் நசுங்குவதால் இது வழக்கம். இந்த மறு இறுக்கத்துக்கு வராத வண்டியில்தான் சென்டர் போல்ட் ஒடியும்.

முழுச்சுமையும் டிரெய்லரும் சேர்த்துப் பார்த்தபோது பம்ப் ஸ்டாப் இடைவெளி இடப்பக்கம் 57 மி.மீ. இருந்தது. இடிச்சத்தம் இல்லை. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஓட்டினால் வண்டி குதிக்கிறது என்கிறார். குதிக்கத்தான் செய்யும், அந்தப் பட்டை காலி வண்டிக்கானது அல்ல.

கடைசியாக அவர் கேட்டது, இனி இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்று. கதவுத் தூணிலுள்ள தகட்டைக் காட்டினோம். பின் அச்சுக்கு 1,650 கிலோ என்று அதில் இருக்கிறது. பட்டை மாறியதால் அச்சின் பேரிங்கோ டயரோ டிரம்மோ பெரிதாகிவிடவில்லை. அந்த எண் மாறாது. அவருடைய முழுச்சுமை எடைமேடையில் 1,506 வந்தது. மிச்சம் 144 கிலோ. கூடு மேல் இன்னொரு ஏணி வைக்கும் யோசனை அவருக்கு இருந்தது. அதையும் எடைபோட்டுவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார்.